வயிற்றை வெட்டினால் எதிர்ப்பு சக்தி போய்விடுமா?

கேள்வி: "என் தம்பிக்கு 34 வயது. எடை 142 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். சர்க்கரை இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. 2021-ல் கொரோனா வந்து 11 நாள் ஆக்சிஜனில் இருந்தான். இப்போது டாக்டர் எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, 'வயிற்றை வெட்டிவிட்டால் உடம்பில் எதிர்ப்பு சக்தியே இருக்காது, சின்னக் காய்ச்சலைக்கூடத் தாங்க மாட்டான்' என்கிறார்கள். அப்பாவுக்குப் பத்து வருடம் முன்பு டிபி வந்து குணமானது. அதனால் பயம் இன்னும் அதிகமாக இருக்கிறது. உண்மை என்ன?"

பதில்:

நான் பொது மருத்துவர். ஆபரேஷன் செய்வது என் வேலை அல்ல. ஆனால் அதைச் செய்துகொண்டவர்கள் அடுத்த ஐந்து, பத்து வருடங்களில் காய்ச்சல், சோர்வு, முடி கொட்டுதல் என்று என்னிடம்தான் வருகிறார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் தம்பியின் எதிர்ப்பு சக்தி ஆபரேஷனுக்குப் பிறகுதான் கெடும் என்று வீட்டில் நினைக்கிறார்கள். அது இப்போதே சரியாக வேலை செய்யவில்லை. கொரோனாவில் 11 நாள் ஆக்சிஜன் தேவைப்பட்டதற்கு அவருடைய எடை ஒரு முக்கியக் காரணமாக இருந்திருக்கும். ஆபரேஷனால் எதிர்ப்பு சக்தி பெரும்பாலானவர்களுக்குச் சீராகிறது. பெரியவர்களின் பயத்திலும் ஓர் உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அது வயிற்றை வெட்டுவதில் இல்லை. வெட்டிய பிறகு என்ன சாப்பிடுகிறார், எந்த மாத்திரையை விடாமல் எடுக்கிறார் என்பதில் இருக்கிறது.

'எதிர்ப்பு சக்தி' என்ற சொல் நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பிவிடுகிறது. செல்போன் சார்ஜ் மாதிரி ஏறும், இறங்கும் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். கஷாயம் குடித்தால் ஏறும், மழையில் நனைந்தால் இறங்கும் என்று. உண்மையில் அது பல வகை ரத்த அணுக்களும், அவை ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் ரசாயனங்களும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. அதில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்பதைவிட, அவை எங்கே, எதற்காக வேலை செய்கின்றன என்பதுதான் கேள்வி. ஊரில் உள்ள போலீஸ் அத்தனை பேரையும் வருடம் முழுக்க ஒரே தெருவில் பந்தோபஸ்துக்கு நிறுத்திவைத்தால் மற்றத் தெருக்களின் கதி என்ன? கடும் உடல்பருமனில் நடப்பது ஏறக்குறைய அதுதான். அந்த ஒரே தெரு, கொழுப்புத் திசு.

கொழுப்பு என்றால் வெறும் சேமிப்புக் கிடங்கு என்றுதான் மருத்துவமும் வெகுகாலம் நினைத்திருந்தது. 1993-ல் அமெரிக்காவில் கோகான் ஹோட்டாமிஸ்லிகில், ப்ரூஸ் ஸ்பீகல்மன் ஆகியோர் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவில் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற, அழற்சியை (உடம்புக்குள் ஏற்படும் வீக்கம், எரிச்சலை) உண்டாக்கும் பொருள் உற்பத்தியாகிறது. அதை முடக்கினால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. முடக்குவாத நோயில் மூட்டுகளை அரிப்பதும், இன்று விலை உயர்ந்த ஊசிகளால் அடக்கப்படுவதும் இதே டி.என்.எஃப்.தான். கொழுப்புக்கும் அழற்சிக்கும் உள்ள உறவு அங்கிருந்து தெளிவாகத் தொடங்கியது.

பத்து வருடம் கழித்து, 2003-ல், இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியாக அடுத்த துண்டைக் கண்டுபிடித்தன. பருமனானவர்களின் கொழுப்பில் மேக்ரோஃபேஜ் செல்கள் குவிந்துகிடக்கின்றன. கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கித் துப்புரவு செய்கிற அணுக்கள் இவை. ஒல்லியான பெண்களின் கொழுப்புத் திசுவில் இருந்த செல்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த இவை, பருமனான பெண்களிடம் கிட்டத்தட்ட 40 சதவீதமாக இருந்தன. உங்கள் தம்பியின் உடலில் எத்தனை கிலோ கொழுப்பு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதில் இந்த விகிதம் என்றால், அவர் ஒரு பெரிய படையையே வேறு எங்கும் பயன்படாமல் அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார் என்றுதான் பொருள்.

ஏன் அங்கே போய்க் குவிகின்றன? கொழுப்பு செல் ஒன்று ஓர் அளவுக்கு மேல் பெருத்துவிட்டால் அதற்கு வேண்டிய ரத்தமும் ஆக்சிஜனும் போய்ச் சேர்வதில்லை. மூச்சுத் திணறி, சில செல்கள் செத்துவிடுகின்றன. செத்த செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் வட்டமாக நின்று அதைத் தின்னப் பார்க்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு கிரீடம் வைத்ததுபோல் இருக்கும், அதற்கு அப்படியே பெயரும் வைத்துவிட்டார்கள். தின்று முடிக்க முடியாத பெரிய எண்ணெய்த் துளி அது. வேலை முடியாததால் இன்னும் ஆள் வேண்டும் என்று ரசாயனச் செய்தி அனுப்புகின்றன, புதிதாக வருபவையும் அதையே செய்கின்றன. ஒல்லியானவர்களின் கொழுப்பில் சண்டையைத் தணிக்கிற டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் இருக்கும். பருமன் ஏற ஏற அவை குறைந்து, சண்டையைத் தூண்டுகிற டி செல்கள் கூடுகின்றன. ஐ.எல்.6 என்ற பொருள் கொழுப்பிலிருந்து ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் சி.ஆர்.பி. என்ற, அழற்சியைக் காட்டும் புரதத்தைச் சுரக்கிறது. அதனால்தான் காய்ச்சல், சளி எதுவுமே இல்லாத நாளிலும் மிகப் பருமனானவர்களின் சி.ஆர்.பி. சற்றே உயர்ந்து நிற்கும். உங்கள் தம்பியின் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள், வெள்ளணுக்களும்கூட மேல் எல்லையை ஒட்டி இருக்க வாய்ப்பு உண்டு. எரிந்து முடியாமல் புகைந்துகொண்டே இருக்கிற குப்பைமேடு மாதிரி இது. தீ தெரியாது, ஆனால் ஊருக்கே மூச்சு முட்டும்.

எங்கே இருக்கிற கொழுப்பு என்பதும் முக்கியம். தோலுக்கு அடியில் தொடையிலும் இடுப்பிலும் இருப்பதைவிட, குடலையும் கல்லீரலையும் சுற்றி வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்பு அழற்சியை அதிகம் கிளப்பும். நம் நாட்டவருக்கு இதுதான் சிக்கல். 2004-ல் லான்செட் இதழில் வந்த ஒரு படம் மருத்துவர்களிடையே மிகப் பிரபலம். புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் அடுத்தடுத்து நிற்பார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 22-தான். ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இதனால்தான் வெள்ளைக்காரர்களுக்கு 30 என்று வைத்த பருமன் எல்லையை நமக்கு 25 என்று குறைத்திருக்கிறார்கள். ஆபரேஷனைப் பரிசீலிப்பதற்கான எல்லையும் ஆசியர்களுக்கு 27.5-லிருந்து தொடங்குகிறது என்று 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் தம்பியின் பி.எம்.ஐ. சுமார் 49. இதில் விவாதிக்க இடமே இல்லை.

லெப்டின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பயத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. கொழுப்பு செல்கள் சுரக்கிற இந்த ஹார்மோனை 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. 'கையிருப்பு போதும், பசியை நிறுத்து' என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. ஆனால் எதிர்ப்பு அணுக்களும் இதே செய்தியைக் கேட்கின்றன. 1998-ல் லண்டனில் நடந்த ஆய்வில், பட்டினி கிடந்த எலிகளின் எதிர்ப்புத் திறன் விழுந்தபோது லெப்டினைக் கொடுத்ததும் அது மீண்டது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிக அரிதான குழந்தைகள் உண்டு. கட்டுக்கடங்காத பசி, அதனால் பெரும் பருமன், கூடவே அடிக்கடி தொற்று நோய்கள். கேம்பிரிட்ஜில் அவர்களுக்கு லெப்டின் ஊசி கொடுத்தபோது எடையும் குறைந்தது, டி செல்களும் சரியாயின.

உடம்பின் கணக்கு இதில் தெரிகிறது. பஞ்ச காலத்தில் கொழுப்புக் கையிருப்பு கரைந்தால், எதிர்ப்பு மண்டலத்துக்கு ஆகும் செலவை உடம்பு குறைத்துக்கொள்கிறது. மெலிந்தவனை நோய் எளிதில் பிடிக்கும் என்று நம் முன்னோர் கண்டது உண்மையான அனுபவம். பஞ்சத்தையும் காலராவையும் பார்த்த தலைமுறைகளின் நினைவு அது. 'நாலு சதை இருந்தால்தான் காய்ச்சலைத் தாங்கும்' என்ற பேச்சு அங்கிருந்து வருகிறது. ஆனால் 142 கிலோவில் நிலைமை வேறு. லெப்டின் வெள்ளமாகச் சுரக்கிறது, மூளைக்கும் அணுக்களுக்கும் காது மந்தமாகிவிடுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு லெப்டின் குறையும், ஆனால் அது பஞ்சத்தின் அளவுக்குப் போவதில்லை. இருக்கும் கொழுப்புக்கு ஏற்ற அளவுக்கு வருகிறது. 142 கிலோ உள்ளவர் 95 கிலோவுக்கு வருவது மெலிவு அல்ல.

சரி, இந்தக் குழப்பம் தொற்று நோய்களில் எப்படித் தெரிகிறது? 2009-ல் பன்றிக்காய்ச்சல் வந்தபோதுதான், அதிகப் பருமன் தனியாகவே ஓர் ஆபத்துக் காரணம் என்பதை உலகம் கவனித்தது. கொரோனாவில் அது இன்னும் பெரிய அளவில் உறுதியானது. வைரஸ் தாக்கிய செல்களையும் புற்று செல்களையும் கொல்லுகிற என்.கே. செல்கள், கொழுப்பு அதிகமான ரத்தத்தில் தாங்களே கொழுப்பை உறிஞ்சி, சக்தி எடுக்கும் திறனை இழந்துவிடுகின்றன என்று 2018-ல் லிடியா லின்ச் குழு காட்டியது. எதிரியை அடையாளம் கண்டுவிடுகின்றன, கொல்லத்தான் தெம்பில்லை. அதோடு வயிற்றின் எடை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரிவதில்லை. சர்க்கரையும் சேர்ந்தால் வெள்ளணுக்களின் வேகம் இன்னும் குறையும். தோல் மடிப்புகளில் பூஞ்சை, கால்களில் செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்று, ஆபரேஷன் காயங்களில் சீழ் ஆகியவை வருவதும் இவர்களுக்குத்தான் அதிகம்.

தடுப்பூசியும் இதில் தப்பவில்லை. பருமனானவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி சரியாக எடுப்பதில்லை என்பது 1985-லேயே அமெரிக்க மருத்துவமனை ஊழியர்களிடம் கவனிக்கப்பட்டது. ஃப்ளூ தடுப்பூசியில் இன்னொரு வேடிக்கையான விஷயம் தெரிந்தது. வட கரோலினாவில் 2017-ல் வந்த ஆய்வில், தடுப்பூசி போட்ட பருமனானவர்களுக்கு ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் பொருள்) அளவு மற்றவர்களுக்குச் சமமாக இருந்தும், ஃப்ளூ அல்லது அதைப்போன்ற காய்ச்சல் வரும் வாய்ப்பு இரண்டு மடங்காக இருந்தது. ஆன்டிபாடியைத் தாண்டி, டி செல்கள் செய்ய வேண்டிய வேலையில் ஏதோ குறைந்திருந்தது. இதற்காகத் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது, அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. போடும்போது இடுப்பில் போடாமல் மேல்கையில், நீளமான ஊசியால் போடச் சொல்லுங்கள். சாதாரண ஊசி தசை வரை போகாமல் கொழுப்பிலேயே மருந்தை விட்டுவிடும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஹெபடைடிஸ் பி, ஃப்ளூ, நிமோனியாத் தடுப்பூசிகள் பற்றி ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது.

இனி ஆபரேஷன். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விடுவது. பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்முனையில் ஒரு முட்டை அளவுக்குச் சிறிய பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பது. இரைப்பை எதிர்ப்பு மண்டலத்தின் உறுப்பு அல்ல. எலும்பு மஜ்ஜை, தைமஸ், மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள் ஆகியவைதான் அதன் உறுப்புகள். அவற்றை யாரும் தொடுவதில்லை. உங்கள் பெரியவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

முதல் ஓரிரு வாரங்கள் வேறு கணக்கு. அது ஒரு பெரிய ஆபரேஷன். தையல் போட்ட இடத்தில் கசிவு, நெஞ்சுச்சளி, காலில் ரத்தக்கட்டு ஆகிய அபாயங்கள் உண்டு. அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-ல் வெளியான ஆய்வில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். நெஞ்சு படபடப்பு, காய்ச்சல், தோள்பட்டை வலி என்று எது வந்தாலும் 'வாயுவாக இருக்கும்' என்று வீட்டில் இருக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பு புகையை நிறுத்தி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் இந்த அபாயம் கணிசமாகக் குறையும். தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கு இயந்திரம் கொடுத்திருந்தால் அதை இப்போதிலிருந்தே மாட்டிப் பழகட்டும்.

அதற்குப் பிறகு அழற்சி அடங்கத் தொடங்குகிறது. ஒரு வருடத்துக்குள் சி.ஆர்.பி. பெரும்பாலும் பாதிக்கும் கீழே வந்துவிடும். வெள்ளணு எண்ணிக்கையும் சற்று இறங்கும். அதைப் பார்த்து 'ரத்தத்தில் எதிர்ப்பு அணு குறைந்துவிட்டது' என்று பயந்து வருபவர்கள் உண்டு. இயல்பு எல்லைக்குள் இறங்குவது குறை அல்ல, புகைந்துகொண்டிருந்தது அணைகிறது என்பதன் அறிகுறி.

நீண்ட கால ஆதாரத்துக்கு ஸ்வீடனைத்தான் பார்க்க வேண்டும். 1987-ல் அங்கே தொடங்கிய ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும், அதேபோன்ற பருமனோடு வழக்கமான சிகிச்சை எடுத்த 2,037 பேரையும் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 2007-ல் வெளியான கணக்குப்படி, வயது போன்றவற்றைச் சரிக்கட்டிய பிறகு, ஆபரேஷன் குழுவில் மரணம் 29 சதவீதம் குறைவு. அதே ஆய்விலிருந்து பிறகு வந்த செய்தி எனக்கு இன்னும் சுவாரசியமானது. சோரியாசிஸ் புதிதாக வருவதும் ஆபரேஷன் குழுவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சோரியாசிஸ் என்பது எதிர்ப்பு அணுக்கள் தோலைத் தவறாகத் தாக்குகிற நோய். ஆபரேஷன் எதிர்ப்பு சக்தியை 'குறைக்கிறதா, கூட்டுகிறதா' என்ற கேள்வியே ஏன் பொருந்தாது என்பதற்கு இது நல்ல உதாரணம். தேவையில்லாத இடத்தில் தணிகிறது, தேவையான இடத்தில் நிமிர்கிறது. பெண்களுக்குப் புற்றுநோய் வருவதும் அந்த ஆய்வில் தெளிவாகக் குறைந்தது. ஆண்களிடம் அது தெரியவில்லை.

உங்கள் தம்பிக்கு நேரடியாகப் பொருந்துகிற ஆய்வு கிளீவ்லேண்ட் கிளினிக்கில் நடந்தது. கொரோனாவுக்கு முன்பே ஆபரேஷன் செய்து எடை குறைத்திருந்தவர்களையும், செய்யாத பருமனானவர்களையும் ஒப்பிட்டார்கள். தொற்று வந்தது இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வந்த பிறகுதான் வித்தியாசம். மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை பாதியாகவும், ஆக்சிஜன் தேவை 63 சதவீதமும், தீவிர நோய் 60 சதவீதமும் குறைந்திருந்தன. இவை எல்லாம் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த ஆய்வுகள் அல்ல. ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பவர்கள் உடம்பைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பவர்களாகவும் இருக்கலாம். இருந்தாலும் பல நாடுகளிலிருந்து ஒரே திசையில் வருகிற ஆதாரம் என்பதால் நான் இதை நம்புகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அளவுக்கு மீறி எதிர்பார்க்கக் கூடாது. சூரிச் ஆராய்ச்சியாளர்கள் 2024 கடைசியில் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷனுக்கு முன்பும், எடை நன்றாகக் குறைந்து இரண்டு வருடம் ஆன பிறகும் அதே ஆட்களின் கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள். பருமனாக இருந்த காலத்தின் தடங்கள் செல்களில் இன்னும் இருந்தன. எலிகளில் பார்த்தபோது, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது தூங்க வேண்டும் என்ற அடையாளக் குறிகள் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இந்தத் தடம் இருந்த எலிகள் கொழுப்பு உணவு கிடைத்ததும் வேகமாக எடை ஏறின. எடை திரும்ப ஏறியவர்களை 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று உறவினர்கள் திட்டும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். அவர்களுடைய கொழுப்புக்கு ஞாபகம் இருக்கிறது, அதை எதிர்த்துத்தான் அவர்கள் தினமும் வாழ்கிறார்கள். உங்கள் தம்பியை அப்படி யாரும் பேச விடாதீர்கள்.

இப்போது பெரியவர்களின் பயத்தில் உள்ள உண்மைக்கு வருகிறேன்.

1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் செய்த முதல் எடைக் குறைப்பு ஆபரேஷன் இரைப்பையில் அல்ல, சிறுகுடலில். குடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கிவிடுவார்கள். எடை இறங்கியது. ஆனால் உணவு போகாத அந்தக் குருட்டுக் குடலில் கிருமிகள் பெருகின. அவற்றின் துண்டுகளோடு ஆன்டிபாடிகள் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றி, மூட்டுகளிலும் தோலிலும் படிந்தன. மூட்டு வீக்கம், தோலில் சீழ்க்கொப்புளம், கல்லீரல் கோளாறு, கடும் சத்துக்குறைவு என்று நோயாளிகள் அவதிப்பட்டார்கள். டிபியும் சிலருக்கு வந்தது. அந்த ஆபரேஷன் கைவிடப்பட்டது. அயோவாவில் எட்வர்ட் மேசன் 1960-களில் தொடங்கிய இரைப்பை பைபாஸ்தான் அதற்கு மாற்றாக வளர்ந்தது. ஆகவே 'அந்த ஆபரேஷன் செய்தால் உடம்பு போய்விடும்' என்ற பேச்சு முழுக் கற்பனை அல்ல. ஒரு காலத்தில், ஒரு வகை ஆபரேஷனில் அது நடந்தது. உங்கள் தம்பிக்குச் செய்யப்போவது அது அல்ல.

ஆனால் இன்றைய ஆபரேஷனிலும் சத்துக்குறைவு என்ற ஆபத்து உண்டு, எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே விழுவது அந்த வழியாகத்தான். ஆன்டிபாடி என்பது புரதம். அணுக்கள் பெருக இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12, துத்தநாகம், தாமிரம் எல்லாம் வேண்டும். வயிறு சிறுத்த பிறகு அரை இட்லியில் நிறைந்துவிடும். அந்த அரை இட்லியில் புரதம் எவ்வளவு இருக்கும்? ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்கிறோம். இரண்டு முட்டையில் 12 கிராம்தான். அதனால் சாப்பாட்டு வரிசையையே மாற்ற வேண்டும். முதலில் முட்டை, மீன், கோழி, பனீர், கெட்டித் தயிர், சுண்டல். அப்புறம் காய். இடம் மிச்சமிருந்தால் கடைசியாக ஒரு கரண்டி சாதம். ரசம் சாதமும் கஞ்சியுமாக மாதக்கணக்கில் ஓட்டுபவர்களைத்தான் முடி கொட்டி, கால் வீங்கி, அடிக்கடி காய்ச்சலோடு பார்க்கிறேன். அவர்களைப் பார்த்துத்தான் ஊரில் 'ஆபரேஷனால் சக்தி போய்விட்டது' என்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு ஓர் அம்மா வந்தார். பைபாஸ் செய்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எடை நன்றாகக் குறைந்துவிட்டது என்ற நிம்மதியில் இரண்டு வருடமாக மாத்திரைகளை நிறுத்தியிருந்தார். வாய்ப்புண், மாறி மாறிக் காய்ச்சல், நடையில் தள்ளாட்டம். வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் மிகவும் குறைந்திருந்தது. ரத்தப் புற்றுநோயோ என்று வீடே பயந்துபோயிருந்தது. குறைந்திருந்தது தாமிரமும் பி12-உம். தாமிரச் சத்து கொடுத்த சில வாரங்களில் வெள்ளணுக்கள் மீண்டன. நடை திரும்ப வெகுநாள் ஆனது. பைபாஸுக்குப் பிறகு தாமிரக் குறைவு வரும் என்பது பல மருத்துவர்களுக்கே உடனே நினைவுக்கு வராத விஷயம். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக 'எனக்கு இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது' என்று உங்கள் தம்பி சொல்ல வேண்டும்.

மல்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுள் முழுக்க. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் வீண். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பிறகு வருடம் ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எதிர்ப்பு சக்தியோடு சம்பந்தப்படாத ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் விடாமல் வாந்தி எடுத்தால், தெருமுனை கிளினிக்கில் போய்க் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதுதான் நம் வழக்கம். பி1 குறைந்திருக்கும் நேரத்தில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பி1 ஊசி போட்ட பிறகுதான் குளுக்கோஸ். இதை ஒரு சீட்டில் எழுதி தம்பியின் பர்ஸில் வையுங்கள்.

எடை குறைக்கும் ஊசிகளும் இப்போது இந்தியாவில் கிடைக்கின்றன. அவையும் அழற்சியைக் குறைக்கின்றன. ஆனால் 49 பி.எம்.ஐ.யில் ஊசி மட்டும் போதுமா, ஆபரேஷனுக்கு முன்போ பின்போ சேர்த்துக்கொள்ளலாமா என்பதை அவரைப் பரிசோதித்த மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, அப்பாவின் டிபி. இதைக் கேட்டது மிகவும் சரி, பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

மற்றத் தொற்றுகளைப்போல் அல்லாமல், டிபியில் ஒல்லியானவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பி.எம்.ஐ. கூடக் கூட டிபி குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதியான விஷயம். அதேசமயம் சர்க்கரை நோய் அந்த ஆபத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்கும். உங்கள் தம்பியிடம் இரண்டும் இருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு சர்க்கரை கட்டுக்குள் வருவது அவருக்குச் சாதகம். வேகமாக எடை இறங்குவதும், சத்துக்குறைவு வந்தால் அதுவும் பாதகம். முன்பெல்லாம் அல்சருக்காக இரைப்பையை வெட்டி எடுத்தவர்களுக்கு டிபி அதிகம் வந்ததால், இரைப்பை அறுவை சிகிச்சை இன்றும் டிபி ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவும் சத்து மாத்திரையும் கொடுத்துச் செய்த ஆய்வு 2023-ல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் புதிதாக டிபி வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. உணவாலும் சத்து மாத்திரையாலும் மட்டுமே கிடைத்த பாதுகாப்பு அது. தட்டில் புரதம் இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆபரேஷனுக்கு முன் மார்பு எக்ஸ்ரே எப்படியும் எடுப்பார்கள். அப்போது அப்பாவின் டிபி பற்றி, எந்த வருடம், எத்தனை மாதம் மருந்து சாப்பிட்டார், தம்பி அப்போது அதே வீட்டில் இருந்தாரா என்பதையெல்லாம் சொல்லிவிடுங்கள். உள்ளுக்குள் உறங்கும் டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை தேவையா, தடுப்பு மருந்து தேவையா என்பதை நெஞ்சக மருத்துவர் முடிவு செய்வார். தேவைப்பட்டால் அதை ஆபரேஷனுக்கு முன்பே முடிப்பது மேல். வயிற்றின் அமைப்பு மாறிய பிறகு மாத்திரைகள் ரத்தத்தில் சேரும் விதமும் மாறலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் எல்லோரும் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எடை குறைவது டிபியின் முக்கிய அறிகுறி. ஆனால் ஆபரேஷன் செய்தவருக்கு எடை குறைந்தால் யாருக்கும் சந்தேகம் வராது, மகிழ்ச்சிதான் வரும். அதனால் எடையை மட்டும் நம்பாமல் மற்றதையும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் வந்து போகும் காய்ச்சல், ராத்திரியில் சட்டை நனையும் வியர்வை, கழுத்தில் கட்டி, ஒரு வருடம் கழித்தும் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும் எடை. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். அன்றே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.